டிஷ்ஷில் பிழை இல்லை

இந்தக் கிழமை இன்னொரு விளையாட்டுத் தொலைக்காட்சிச் சனல் நின்றுபோனது. சனல்காரருக்கும் அதை வீடுகளுக்குக் கொடுக்கும் கம்பனிக்கும் ஒப்பந்தம் சரிவரவில்லையாம். நான் ஓய்வுபெற்றவன், எனக்கு அதில் இனி ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் செய்தியைக் கேட்ட உடனே மகளுக்குப் போன் எடுத்தேன்.

"மருமகன் எங்கை நிக்கிறார்?"

"வேலைக்குப் போயிட்டார். ஏனப்பா?"

"கூரையில ஏறவேண்டாமெண்டு சொல்லு."

"அப்பா, எங்கட வீட்டில டிஷ்ஷே இல்லை. எல்லாம் இன்டர்நெட்டில வருது."

அது எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

லண்டனில் மோர்டன் பகுதியில் நாங்கள் தமிழ் முதியவர்கள் மாதமொருமுறை கூடுகிறோம். இந்த வருடம் ஓர் ஆண்டு மலர் போடுகிறார்கள். சனல் நின்ற கதை அங்கேயும் வந்தது. "நீர் அந்த வேலையில இருந்தனீர்தானே, உள்ளுக்கை என்ன நடக்கிறதெண்டு எழுதுமன்" என்றார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது கடைசி நாள்வரை எனக்குத் தெரியாது. ஒப்பந்தம் பேசியவர்கள் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். நான் வீடுகளின் பின்பக்கத்தில் ஏணியில் நின்றேன். அங்கே நின்று கண்டதைத்தான் எழுதமுடியும்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையம், இறைச்சி பொதிசெய்யும் தொழிற்சாலை என்று ஓடி, பிறகு டிஷ் பூட்டும் ஒருவருக்குக் கேபிள் இழுத்துக்கொடுக்கப் போனேன். அவரிடம் வேலை பழகினேன். எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்துக்கும் இந்தியச் சனத்துக்கும் சனல்கள் கொடுக்கும் கம்பனி ஒன்று ஆள் எடுத்தபோது அங்கே சேர்ந்தேன். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன்.

நான் எதற்கும் யோசிக்கிறவன். வேலைக்கு ஓடும் வான் வண்டியைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஏணியில் நிற்கும்போது இறங்குவதைப் பற்றி யோசிப்பேன், இறங்கியபிறகு மேலே எதையாவது இறுக்காமல் விட்டேனோ என்று யோசிப்பேன். கூட வேலைசெய்த பெடியள் சிரிப்பார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான், எங்கள் மேலாளர் மணியம்.

மணியம் மலேசியாக்காரர், ஈப்போ ஊர். படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே தங்கியவர். முழுக்கைச் சட்டை போடுவார், எவ்வளவு வெயிலென்றாலும் கையை மடிக்கமாட்டார். சத்தம் போட்டு நான் கண்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், நாங்கள் கிட்டப் போய்த்தான் திட்டு வாங்கவேண்டும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஏணியில் கால் வைக்கும் முன் அவருக்குப் போன் எடுக்கவேண்டும். எடுத்தால் அவர் வணக்கம் சொல்லமாட்டார், சுகம் கேட்கமாட்டார்.

"ஏணி கால் எங்க நிக்குது நேசன்?"

"சீமெந்தில சேர்."

"காஞ்சிருக்கா, ஈரமா?"

"கொஞ்சம் ஈரம்."

"அப்ப ஏறாதீங்க. தொடைங்க. தொடைச்சிட்டு கூப்பிடுங்க."

மற்றவர்கள் வானுக்குள் இருந்துகொண்டே "காய்ஞ்சிருக்கு சேர்" என்று சொல்லிவிடுவார்கள். நான் துடைத்துவிட்டுத் திரும்ப எடுப்பேன். "நேசன் கூப்பிட்டாத்தான் எனக்கு சோறு இறங்குது" என்று ஒருமுறை சொன்னார். அவர் வாயால் நான் கேட்ட பாராட்டு அது ஒன்றுதான்.

டிஷ் திருப்புவது பலத்தால் செய்கிற வேலை இல்லை. கையிலிருக்கும் மீற்றரில் இரண்டு அளவு காட்டும். ஒன்று வருகிற சிக்னலின் பலம், மற்றது அதன் தரம். பலம் கூடக் காட்டுகிறது என்று நம்பி இறுக்கினால், அது பக்கத்திலிருக்கும் வேறொரு சற்றலைற்றாக இருக்கும். தரத்தைத்தான் பார்க்கவேண்டும். மூச்சு விடுகிற அளவுக்கு டிஷ்ஷை அசைத்து, தரம் ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்கு வரவேண்டும். இறுக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரு பக்க நட்டை முழுதாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுபட்டுவிடும். இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம், மீண்டும் இடம். எல்லாம் முடிந்ததும் உள்ளே போய், வீட்டுக்காரரை அவர் வழக்கமாக இருக்கிற கதிரையில் இருக்கச் சொல்லி, அவர் பார்க்கிற சனலைப் போட்டு, "படம் சரியா?" என்று கேட்கவேண்டும். அவர் வாயால் சரி சொன்னால்தான் வேலை முடிந்தது. "மீட்டர் படம் பாக்கறதில்ல நேசன், மனுசன்தான் பாக்கறான்" என்பார் மணியம்.

எங்கள் சனத்திடம் இதற்கு முன்பே ஒரு முறை இருந்தது. கம்பனி, மீற்றர் ஒன்றும் இல்லாத நாட்களில் டிஷ்ஷைத் தாங்களே வாங்கித் தாங்களே பூட்டினார்கள். ஒருவர் கூரையில், ஒருவர் தொலைக்காட்சிக்கு முன்னால், ஒருவர் நடுவில் பின்கதவடியில். கூரையில் இருப்பவர் "இப்ப?" என்பார். முன்னால் இருப்பவர் "இல்லை" என்பார். நடுவில் இருப்பவர் அதைக் கத்துவார். "இப்ப?" "வந்தது, போயிட்டுது!" "எந்தப் பக்கம் வரேக்குள்ள வந்தது?" இப்படி அரை நாள் போகும், படம் வந்ததும் தெருவுக்கே கேட்கும்.

அந்த நாட்களில் அவர்கள் கற்றுக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. காற்றில் டிஷ் கொஞ்சம் அசைந்தால் எல்லாச் சனலும் ஒன்றாகப் போகாது. பலமில்லாத சனல் முதலில் போகும். மற்றவை தெரிந்துகொண்டே இருக்கும். இது சரியான விஷயம், நானும் கண்டிருக்கிறேன். ஆகையால் ஒரு சனல் மட்டும் நின்றால் வேறு சனங்கள் கம்பனிக்குப் போன் எடுப்பார்கள். எங்கள் ஆட்கள் டிஷ் அசைந்துவிட்டது என்று ஏணியைத் தேடுவார்கள்.

மோர்டனில் நடராசா அண்ணையும் அப்படிப்பட்டவர். தபால் பிரிக்கும் இடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். வரிசை வீடு. பின்பக்கம் போக வெளிவழி கிடையாது, ஏணியை முன்கதவால் கொண்டுபோய், முன்னறை, சமைக்கிற குசினி எல்லாம் கடந்துதான் முற்றத்துக்குப் போகவேண்டும். டிஷ் குசினியின் சரிந்த ஓட்டுக்கு மேலே, சுவரில் இருந்தது. கிரிக்கெட் நாட்களில் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். அதில் குலம் அண்ணை எப்போதும் இருப்பார். தபாலிலும் ஒன்றாக வேலைசெய்தவர்கள்.

நான் அங்கே டிஷ் பூட்டப் போன அன்று நடராசா அண்ணை முற்றத்தில் கதிரை போட்டிருந்து பார்த்தார். நான் ஏணிக்காலைத் துடைப்பதையும் போன் எடுப்பதையும் கண்டு அவருக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

"குலம், இஞ்ச வந்து பார். தண்ணிக்குப் பயந்தவனைக் கப்பலுக்கு எடுத்திருக்கிறாங்கள்."

"சும்மா இருங்கோப்பா" என்றார் மனைவி பவளம் அக்கா. "பயந்த ஆள்தான் வடிவாச் செய்யும்."

"அண்ணை, ஏதும் பிழை எண்டால் எங்களுக்குப் போன் அடியுங்கோ. நீங்கள் ஏறாதேங்கோ" என்றேன்.

"நீ லண்டனுக்கு வர முதலே நான் இந்தக் கூரையில ஏறினவன் தம்பி."

அந்த வருடம்தான் கிரிக்கெட் சனலோடு தகராறு வந்தது. ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க இரண்டு பகுதியும் உடன்படவில்லை. சனலில் கீழே ஒருவரும் வாசிக்காத சின்ன எழுத்து ஓடியது: உங்கள் கம்பனியிடம் கேளுங்கள். எங்கள் கம்பனியின் சனல்களில் அதேபோல வேறு எழுத்து ஓடியது: அவர்கள் உங்களிடமிருந்து கிரிக்கெட்டைப் பறிக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை மணியம் எங்களைக் கூப்பிட்டார். நாளைக்கு இலங்கை விளையாடும் தொடர் தொடங்குகிறது, இன்றோடு சனல் நிற்கும் என்றார். பிறகு மேலிடத்திலிருந்து வந்ததை வாசித்தார். வாசலில் நாங்கள் சொல்லவேண்டியது இரண்டே வசனம். உங்கள் கருவிகளில் பிழை இல்லை. இந்த நிகழ்ச்சி இப்போது கிடைக்காது. பேச்சு நடக்கிறது, இனித் தகராறு என்று சொல்லக்கூடாது. யார் நிறுத்தியது என்று சொல்லக்கூடாது.

"திரையில என்ன வரும் சேர்?" என்று கேட்டேன்.

அவர் கடதாசியை மடித்தார். திரையில் போடுவதற்கு இரண்டு பகுதியும் ஆளுக்கொரு அறிவித்தல் எழுதியிருந்தார்களாம். ஒருவர் எழுதியதை மற்றவர் ஏற்கவில்லை. ஆகையால் அறிவித்தலே கிடையாது. அறிவித்தல் இல்லையென்றால் தொலைக்காட்சியோடு இணைத்த பெட்டி தன்பாட்டில் தனக்குத் தெரிந்த வசனத்தைக் காட்டும். அந்த வசனம் எங்களுக்கெல்லாம் தெரியும்: சிக்னல் இல்லை. டிஷ் இணைப்பைச் சரிபார்க்கவும்.

"சேர், சனம் கூரையில ஏறும்" என்றேன்.

"என்னா சொல்றீங்க?"

பலமில்லாத சனல் முதலில் போகும் கதையைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் அதை எப்படி எடுப்பார்கள் என்று சொன்னேன். மற்றப் பெடியள் சிரிக்கத் தொடங்கினார்கள். மணியம் சிரிக்கவில்லை. தன் அறைக்குப் போய், கதவைத் திறந்து வைத்தபடியே மேலிடத்துக்குப் போன் எடுத்தார். ஆங்கிலத்தில் பேசினார், எனக்கு விளங்கியது இவ்வளவு: ஒரே ஒரு வரி வேண்டும். டிஷ்ஷைத் தொடவேண்டாம் என்று மட்டும் போடுங்கள், யாரையும் குற்றம் சொல்லவேண்டாம். மறுபக்கம் நெடுநேரம் பேசியது. அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் என் காதுக்கே எட்டவில்லை.

வெளியே வந்து சட்டைக் கையை நீவிவிட்டார்.

"டிஷ்ல பிழை இல்லன்னு திரைல போட்டா, நாமதான் நிறுத்தினோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுமாம். ரெண்டு பக்க வக்கீலும் பாக்கணுமாம். திங்கக்கிழமை பேசறாங்களாம்."

"விளையாட்டு நாளைக்கு சேர்."

"தெரியும் நேசன்."

வாடிக்கையாளரின் நம்பர் எங்களிடம் இருக்காது. வேலை விழும் அன்று போனில் வரும், முடிந்ததும் போய்விடும். யாருக்கு எடுத்துச் சொல்வது? அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை என்னைக் கிங்ஸ்பரிப் பக்கம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி, ஒரே இரண்டு வசனம். ஒரு வீட்டில் நான் போனபோது தாய் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க மகன் ஓட்டில் ஒரு கால் வைத்துவிட்டான்.

"இறங்கு தம்பி! இறங்கு!"

"சில் அங்கிள், ஐ காட் இட்."

"உன்ர டிஷ் சரியாத்தான் நிக்குது. தொட்டால்தான் பிழை வரும். இறங்கடா!"

இறங்கினான். தாய் என்னைத் திட்டினார், பிள்ளையை "அடா" என்று கூப்பிட்டதற்கு.

பின்னேரம் மணியம் எடுத்தார். "வந்திடுச்சி நேசன். இந்த தொடர் முடியிற வரைக்கும் ஒப்பந்தத்த நீட்டிட்டாங்க. படம் வந்திடுச்சி." அவர் குரலில் மூச்சு வந்ததைக் கேட்டேன். நான் வானை ஓரமாக நிறுத்தி, காலையில் கட்டிவந்த புட்டைச் சாப்பிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை மோர்டன். எல்லாச் சனலும் இல்லை என்று போனில் எழுதியிருந்தது. முகவரியைக் கண்டதும் நடராசா அண்ணையின் நக்கலுக்குப் பதில் ஒன்றை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

பவளம் அக்கா கதவைத் திறந்தார். முதல்நாள் உடுத்த சேலை. முகம் வீங்கியிருந்தது.

"வாங்கோ தம்பி. நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீடெல்லாம் படம் வந்திட்டுதாம். எங்களுக்கு மட்டும் ஒண்டும் இல்லை. அவர் வந்தால் கேப்பார், அதுக்குள்ள பூட்டி விடுங்கோ."

"அண்ணை எங்கை?"

முன்னறையில் கறுத்த திரைக்கு முன்னால் குலம் அண்ணை தனியாக இருந்தார். அவர்தான் சொன்னார். முதல்நாள் காலையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். திரையில் டிஷ்ஷைச் சரிபார்க்கச் சொல்லி வந்தது. மற்றச் சனல்கள் தெரிந்தன. நடராசா அண்ணை ஏறினார். குலம் அண்ணை பின்கதவடியில் நின்றார்.

"நான்தான் தம்பி கத்தினது. இல்லை, இல்லை, இன்னும் இடப்பக்கம் எண்டு. பிறகு எல்லாச் சனலும் போயிட்டுது. மற்றப் பக்கம் திருப்பு எண்டு கத்தினன். அவன் மற்றப் பக்கம் திரும்பினான்."

முதுகெலும்பு உடைந்துவிட்டது என்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், காலில் உணர்ச்சி இல்லை.

நான் ஏணியை உள்ளே கொண்டுபோனேன். முற்றத்தில் அதை நிறுத்தக்கூடிய இடம் ஒன்றுதான். அதை யாரோ கழுவி விட்டிருந்தார்கள். மணியத்துக்குப் போன் எடுத்தேன்.

"ஏணி கால் எங்க நிக்குது நேசன்?"

"வீட்டுக்காரர் விழுந்த இடத்தில சேர்."

நான் நடந்ததைச் சொன்னேன். காய்ந்திருக்கிறதா ஈரமா என்று அவர் கேட்காத நாள் அது ஒன்றுதான். நானே துடைத்துவிட்டு ஏறினேன்.

நட்டுகள் கழன்றிருந்தன, ஒன்று மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்குள் கிடந்தது. டிஷ் அடுத்த வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பினேன், தரம் ஏறியது, இறுக்கினேன். உள்ளே வந்து கிரிக்கெட் சனலைப் போட்டேன். விளையாட்டு நடந்துகொண்டிருந்தது, சனம் கைதட்டியது. நடராசா அண்ணையின் கதிரையில் இருக்க ஒருவரும் வரவில்லை. "படம் சரியா அக்கா?" என்று நின்றபடி கேட்டேன்.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. "தம்பி, இவர் நேற்று இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் வந்திருக்குமோ?"

"உங்கட கருவியில பிழை இல்லை அக்கா."

"நான் அதைக் கேக்கேல்லை."

எனக்கு அந்த இரண்டு வசனத்துக்கு மேல் அனுமதி இல்லை. வேலை போய்விடும் என்ற யோசனையும் வந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"இல்லை அக்கா. எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் வந்திராது. நேற்றுக் காலமை அந்தச் சனலை நிப்பாட்டி வைச்சிருந்தவை. கொம்பனிக்கும் சனலுக்கும் பிரச்சினை. டிஷ் சரியாத்தான் நிண்டது."

குலம் அண்ணை எழும்பிவிட்டார். "அப்ப நான் கத்தினது?"

அவர் முன்கதவைத் திறந்துகொண்டு போய்த் தெருவில் நின்றார்.

அக்கா சொன்னார்: "இதை ரீவியில எழுதியிருக்கலாம்தானே." பிறகு, "அவருக்குச் சொல்லாதேங்கோ. சும்மா விழுந்தன் எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டார்."

அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடராசா அண்ணை மல்லாந்து கிடந்தார். என்னைக் கண்டதும் கண் மட்டும் பழையபடி சிரித்தது.

"ஒரு விரலாமெல்லே!"

எனக்கு விளங்கவில்லை.

"டிஷ் ஒரு விரல் அளவுதான் பிழையா நிண்டதெண்டு நீ சொன்னியாம். பவளம் சொன்னவ. பாத்தியே, மீற்றர் இல்லாமல் ஒரு விரலுக்குக் கிட்டக் கொண்டுவந்திட்டன். உன்னால ஏலுமே பயந்தாங்கொள்ளி?"

அக்காவைப் பார்த்தேன். அவர் குனிந்து போர்வையை நேராக்கிக்கொண்டிருந்தார். அசையாத காலுக்கு மேல் அதை இழுத்து இழுத்து நேராக்கினார்.

மணியம் அந்த ஒரு வரியை விடவில்லை. மேலிடத்துக்கு எழுதினார், கூட்டங்களில் எழும்பிக் கேட்டார். கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்றார்கள். மீண்டும் கேட்டார். பிறகு அவரைப் பொருட்கள் வைக்கும் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக மாற்றினார்கள். போகிற அன்று மேசையைத் துடைத்துக்கொண்டே, நான் கிட்டப் போய்க் கேட்கவேண்டிய குரலில் சொன்னார்: "ஒரு வரி கேட்டேன் நேசன். கவிதை கேக்கல." களஞ்சியத்தில் ஏணிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். அவர் அங்கே ஒரு வருடம்கூட இருக்கவில்லை, விலகிவிட்டார்.

தொடர் முடிந்தது. நீட்டிய காலமும் முடிந்தது. இந்தமுறை இரண்டு பகுதியும் சமாதானம் பேசவேயில்லை, சனல் ஒரேயடியாகப் போனது. திரையில் அதே வசனம்: சிக்னல் இல்லை. டிஷ் இணைப்பைச் சரிபார்க்கவும்.

நடராசா அண்ணையை அதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு, தொலைக்காட்சியை அதன் கால்மாட்டில் வைத்திருந்தார்கள். சனல் நின்ற அடுத்தநாள் காலை பவளம் அக்கா எனக்குப் போன் எடுத்தார். ஆஸ்பத்திரியில் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"தம்பி, கெதியா வாங்கோ. இவர் குலம் அண்ணையை ஏறச் சொல்லிக் கத்துறார். ஒரு விரல்தானே, போய்த் திருப்பு எண்டு நிக்கிறார். குலம் அண்ணை ஏணி எடுத்துக்கொண்டு வந்திட்டார்."

"அவருக்குத்தான் உண்மை தெரியுமே அக்கா?"

"தெரியும். தெரிஞ்சும் ஏறப்போறன் எண்டுறார்."

நான் போகும்போது ஏணி குசினிச் சுவரில் சாய்ந்து நின்றது. குலம் அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றார். எழுபது தாண்டிய மனிதர்.

"அண்ணை, சனல் இல்லை. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் தம்பி. நான் சும்மா ஏறிப்போட்டு இறங்குறன். அண்டைக்கு என்ர சொல்லைக் கேட்டுத்தானே அவன் திரும்பினவன். இண்டைக்கு அவன்ர சொல்லை நான் கேக்கவேணும்."

"மழை பெய்திருக்கு அண்ணை."

"காணும், என்னை மறிக்காதே."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "குலம்! ஏறியாச்சோ? இப்ப?"

குலம் அண்ணை முதற்படியில் கால் வைத்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்து இறக்கினேன். அவர் திமிறினார், பிறகு என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பவளம் அக்கா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்லிவிடு என்பது போல.

முன்னறைக்குப் போய்க் கட்டிலடியில் குந்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். சனல் நின்றது, அன்றும் நின்றது, டிஷ் சரியாக நின்றது, ஒரு விரலும் இல்லை, அரை விரலும் இல்லை. எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு அதை நோக்கி விரலை நீட்டினார்.

"உதில என்ன எழுதியிருக்கு? வாசி."

வாசிக்கத் தேவையில்லை.

"டிஷ்ஷைப் பார் எண்டு எழுதியிருக்கு. உங்கட கொம்பனிதான் எழுதினது. நீ வந்து டிஷ்ஷில பிழை இல்லை எண்டுறாய். ஆர் பொய் சொல்லுறது, நீயோ உதுவோ?"

"உதுதான் அண்ணை."

"நீ கொம்பனிக்காரன். அப்பிடித்தான் சொல்லுவாய்." தலையைத் திருப்பிக் கத்தினார். "குலம்! நீ ஏறு. இவனை விடு. ஒரு விரல்!"

குலம் அண்ணை ஏணியை நோக்கி மறுபடி போனார். பிடித்து நிறுத்த எனக்குப் பலம் இருந்தது. ஆனால் நான் போனபிறகு? நாளைக்கு? அடுத்த விளையாட்டு அன்று? கூரையில் டிஷ் இருக்கும்வரை அந்த வீட்டில் யாராவது ஏறுவார்கள்.

வானிலிருந்து என் ஏணியைக் கொண்டுவந்து, இடத்தைத் துடைத்து, ஏறினேன். நட்டுகளைக் கழற்றினேன். கேபிளை வெட்டினேன். டிஷ்ஷை இறக்கினேன். நட்டுக் கழற்றும் சாவியின் சத்தம் உள்ளே கேட்டிருக்கவேண்டும். நடராசா அண்ணையின் சத்தம் நின்றுவிட்டது.

வெளியே போக வேறு வழியில்லை. டிஷ்ஷைக் கையில் தூக்கிக்கொண்டு முன்னறையால்தான் நடக்கவேண்டும். கட்டிலைக் கடக்கும்போது அவர் அதைக் கண்டார். என்னைக் கண்டார். பவளம் அக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றார்.

"பாத்தியா குலம்" என்றார் நடராசா அண்ணை. சத்தம் போடவில்லை. "இவன்தான் நிப்பாட்டினவன்."

குலம் அண்ணை மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி அவரைத் தடுத்தேன்.

"ஓம் அண்ணை" என்றேன். "நான்தான் நிப்பாட்டினது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று பயந்தேன், வரவில்லை. நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்த ஆளைப் போலத் தலையை மெல்ல ஆட்டினார்.

"அப்ப சரி" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "குலம், உந்த ரீவியை நூர்த்துவிடு."

குலம் அண்ணை ரீவியை அணைத்தார்.